மோயில்வின் மலையைச் சுத்தி ஒரு நாள்: சிலேட்டுக் குவாரி வழியா போற ரூட்

தம்பி கேட்டிருந்த கேள்வி இதுதான். வேல்ஸோட உசரமான மலை ஸ்னோடன் ஏறியாச்சு, உச்சியில போட்டோ எடுக்க க்யூல நின்னதுதான் மிச்சம், அடுத்தது வேல்ஸ்லயே கொஞ்சம் கஷ்டமான மலையா, போன வழியே திரும்பாம சுத்தி வர்ற மாதிரி, பழைய கல்குவாரி எல்லாம் பாத்துக்கிட்டே நடக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, நானும் தங்கச்சியும் மான்செஸ்டர்ல இருந்து போறோம், எங்களால முடியுமா, அந்தச் சுரங்கத்துக்குள்ள எல்லாம் போலாமா.

இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரே ஒரு மலைதான் பதில். டானகிரிஷை கிராமத்துல இருந்து கிளம்பி கூமோர்தின் பள்ளத்தாக்கு வழியா ரோஸித் குவாரி ஏறி, மோயில்வின் மவுர் உச்சி (770 மீட்டர்) தொட்டு, க்ரைகஸ்காவன் பாறை முகடு வழியா இறங்கி, ஸ்ட்வ்லான் அணைக்கட்டு வந்து, தார் ரோட்டுல சுத்தி அதே கிராமத்துக்குத் திரும்புறது. மொத்தம் 11, 12 கிலோமீட்டர் வரும், ஏத்தம் 650ல இருந்து 700 மீட்டர், பக்கத்துல இருக்குற மோயில்வின் பாஹ் (710 மீட்டர்) உச்சியையும் சேத்துக்கிட்டா 800 தொடும். ஸ்னோடன் ஏறினவங்க கண்டிப்பா முடிப்பீங்க, ஆனா அங்க மாதிரி கூட்டத்துக்குப் பின்னாடியே போய்ட்டே இருந்தா உச்சி வந்துடும்னு இங்க நினைக்க முடியாது, வழி நாமதான் பாக்கணும். சுரங்கத்துக்குள்ள போலாமான்னா, வேணாம், ஏன்னு கீழ சொல்றேன்.

பேரைப் பாத்து பயப்படாதீங்க, எல்லாம் வெல்ஷ். மவுர்னா பெரிய, பாஹ்னா சின்ன, அவ்ளோதான், நான் இனிமே பெரிய மோயில்வின், சின்ன மோயில்வின்னே சொல்றேன். கூம்னா மூணு பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. டானகிரிஷைன்னா படிக்கட்டுக்குக் கீழ இருக்குற ஊருன்னு அர்த்தம், நடக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல அந்தப் பேரு எவ்ளோ பொருத்தம்னு முழங்காலே சொல்லிடும்.

முதல்ல எந்தப் பக்கமா சுத்துறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா இதுல நிறைய பேர் எனக்கு எதிரா சொல்வாங்க. அணைக்கட்டுப் பக்கமா ஏறி கூமோர்தின் வழியா இறங்குங்க, அப்பதான் க்ரைகஸ்காவன் பாறையில கையால பிடிச்சு மேல ஏறலாம், பாறையில இறங்குறத விட ஏறுறது ஈஸின்னு சொல்வாங்க. அது உண்மைதான், ஆனாலும் நான் கூமோர்தின் வழியா ஏறுங்கன்னுதான் சொல்வேன். காரணம் ரோஸித்தோட மேல் பகுதியில இருக்குற பெரிய குழிகள். சாயங்காலம் கால் தளர்ந்து, உச்சியில இருந்து மூடுபனிக்குள்ள அந்தக் குழிகளைப் பாத்து இறங்கி வர்றது எனக்குப் பிடிக்காத விஷயம். ஒரு தடவ நான் அப்படித்தான் வந்தேன், பத்தடிக்கு மேல எதுவும் தெரியல, புல்லு சரிவா இருக்கேன்னு நிம்மதியா இறங்கிட்டு இருந்தேன், திடீர்னு இடுப்பு உயரத்துல ஒரு கம்பி வேலி வயித்துல இடிச்சுது, அதுக்கு அந்தப் பக்கம் பாத்தா வெறும் வெள்ளை, கீழ எங்கயோ தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் எதிரொலிச்சுக்கிட்டே வருது. வேலி அந்த இடத்துல இருந்துச்சு, சில இடத்துல சாஞ்சு கெடக்கும். அதுல இருந்து காலையில கண்ணு தெளிவா இருக்கும்போதே குழிகளைத் தாண்டிடணும்னு வெச்சிருக்கேன். இன்னொரு வசதியும் இருக்கு, வானிலை கெட்டா ரோஸித்ல இருந்து வந்த வழியே பத்திரமா திரும்பிடலாம், எல்லாம் சரியா போச்சுன்னா கடைசி ஒரு மணி நேரம் தார் ரோடு, இருட்டினாலும் வழி தப்பாது.

கிராமத்துல இருந்து கிளம்பும்போது இடது கைப்பக்கம் மேல ஒரு தடவ நிமிந்து பாருங்க. மலையில ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா ஒரு சரிவு மேல போகும், உச்சிக்கிட்ட போய் ஒரு ஓட்டைக்குள்ள மறைஞ்சுடும். அது ரிஸ்கன் குவாரியோட இன்க்ளைன். இன்க்ளைன்னா சரிவுல போட்ட தண்டவாளம், மேல ஒரு பெரிய உருளை, அதுல கம்பி வடம், ஒரு முனையில சிலேட்டு ஏத்தின வண்டி, இன்னொரு முனையில காலி வண்டி. லோடு வண்டி தன் கனத்துல கீழ இறங்க இறங்க காலி வண்டி தானா மேல ஏறிடும், எஞ்சின் வேணாம், உருளையில பிரேக் பிடிக்க ஒரு ஆள் போதும், நம்ம கிணத்து ராட்டினத்துல ரெண்டு பக்கமும் வாளி கட்டின மாதிரிதான். இன்னைக்கு நீங்க நடக்கப் போற வழியில பாதி இந்த மாதிரி இன்க்ளைனும் பழைய ட்ராம் பாதையும்தான், அதனாலதான் இங்க பாதை ஒண்ணு ஒரே சீரா மட்டமா போகும், இல்லன்னா செங்குத்தா ஒரே இழுப்பா ஏறும், நடுவாந்தரம்னு ஒண்ணு இருக்காது. ஆட்டுப் பாதைன்னா இப்படி இருக்காது, வண்டிக்காக மனுஷன் போட்ட பாதை.

ஓடை ஓரமா கல்லுப் பாதையில ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள கூமோர்தின் ஏரி வந்துடும். அங்க எத்தன தடவ போனாலும் நான் நின்னுடுவேன். மூணு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல கருப்பா தண்ணி, ஏரிக்கரை வரைக்கும் சரிஞ்சு வந்து நிக்கிற சிலேட்டுக் கழிவு மேடு, இடிஞ்ச வீட்டு வரிசை. பாதை ஓரமா வேலியப் பாருங்க, மரக்கட்டைக்குப் பதிலா ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா சிலேட்டுப் பலகைங்கள வரிசையா மண்ணுல நட்டு மேல கம்பியால பின்னியிருப்பாங்க, காத்துல சாஞ்சு ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னு பல்லு மாதிரி நிக்கும். இந்த ஊர்ல சிலேட்டு இல்லாதது எதுவுமே கிடையாது, கூரை, வேலி, வாசப்படி, கல்லறைக் கல்லு வரைக்கும் அதே கல்லுதான். ஏரியத் தாண்டி பள்ளத்தாக்கு முடியுற இடத்துல ஒரு சர்ச்சு இருக்கு, 1867ல கட்டின ரோஸித் சாப்பல், கூரை போயாச்சு, ஜன்னல் இருந்த இடத்துல ஓட்டைதான் இருக்கு. ஊரே இல்லாத இடத்துல சர்ச்சு எதுக்குன்னு தோணும். ஒரு காலத்துல ஊர் இருந்துச்சு, அதான்.

சரி, இந்தக் கல்லு அப்படி என்ன பெருசுன்னு கொஞ்சம் சொல்லணும், இது தெரியாம நடந்தா கண்ணுக்கு வெறும் கருங்கல் குப்பையாத்தான் தெரியும். சின்ன வயசுல நாம பலப்பம் வெச்சு எழுதின சிலேட்டு ஞாபகம் இருக்குல்ல, அதே வகைக் கல்லுதான். 45 கோடி வருஷத்துக்கு முன்னாடி, பூமியோட ஆர்டோவிசியன் காலத்துல, கடலடியில படிஞ்ச நைசான களிமண் அது. அப்புறம் கண்டத்தட்டுங்க மோதினதுல பக்கவாட்டுல இருந்து பயங்கர அழுத்தம், அந்த அழுத்தத்துல உள்ள இருக்குற தாதுத் துகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிப் படுத்துடுச்சு. அதனால கல்லு அந்தத் திசையில மட்டும் ஏடு ஏடா பிரியும். மண்ணு படிஞ்ச அடுக்கு வேற, இந்தப் பிளவு வேற, ரெண்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. கைதேர்ந்த ஆளு அகலமான மெல்லிசு உளியை வெச்சு மர சுத்தியால லேசா தட்டுவாரு, எப்பவும் பாதியா பிரிப்பாரு, அந்தப் பாதியை திரும்பப் பாதியா, அப்படியே போய் சில மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துடும். நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், உடைக்கிற சத்தமே வராது, புது நோட்டுப் புத்தகத்துல ஒட்டிக்கிட்ட பக்கத்தைப் பிரிக்கிற மாதிரி ஒரு சின்ன முனகல்தான். கூரை ஓட்டுக்கு சைஸ் வாரியா பேரும் வெச்சிருந்தாங்க, 24க்கு 12 இஞ்ச்னா டச்சஸ், 20க்கு 10 கவுண்டஸ், 16க்கு 8 லேடி. 1842ல ஜெர்மனியில ஹாம்பர்க் ஊரு பத்தி எரிஞ்சுச்சு, திரும்பக் கட்டுறப்போ இந்த ஃபெஸ்டினியோக் வட்டாரத்து சிலேட்டு கப்பல் கப்பலா போச்சு. 1898ல வேல்ஸ் முழுக்க சிலேட்டு வேலையில கிட்டத்தட்ட 17,000 பேர் இருந்தாங்க, அதுதான் உச்சம்.

உலகத்துக்கே கூரை போட்டவங்கன்னு இந்த ஊர்க்காரங்களை சொல்றதுல மிகை இல்ல. ஆனா ஒரு டன் நல்ல ஓடு எடுக்கணும்னா பத்து டன் கழிவு வரும், சில குவாரியில அதுக்கும் மேல. நீங்க கால் வெச்சு நடக்குறது, நடக்கும்போது ஓட்டுச்சில்லு உடைஞ்ச மாதிரி கிணிங் கிணிங்னு சத்தம் வர்றது எல்லாம் அந்தப் பத்து டன்தான்.

இங்க இன்னொரு விஷயம், ஸ்னோடன் அடிவாரத்து லான்பெரிஸ் பக்கம் குவாரி எல்லாம் மலையை வெளியில இருந்து படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பாங்க, ஃபெஸ்டினியோக்ல சிலேட்டு அடுக்கு சாய்வா மலைக்குள்ள இறங்கிப் போகுது, அதனால உள்ளயே போய் வெட்டினாங்க. உள்ள பெரிய பெரிய அறை, ரெண்டு அறைக்கு நடுவுல மலையைத் தாங்க ஒரு கல்லுத் தூண் விட்டு வைப்பாங்க, திரும்ப அறை, திரும்ப தூண். வேலை எப்படின்னா பார்கெய்ன்னு ஒரு முறை, நாலு பேர் சேந்து ஒரு செட்டு, ரெண்டு பேர் உள்ள பாறை வெட்டுவாங்க, ரெண்டு பேர் வெளிய மில்லுல பிரிச்சு அளவா வெட்டுவாங்க, மாசா மாசம் மேனேஜரோட ஆளு வந்து உங்க பாறை நல்லா இருக்கா மோசமா இருக்கான்னு பாத்து ரேட்டு பேசுவாரு. வெடிமருந்து, மெழுகுவர்த்தி, ஆயுதத்துக்கு சாணை பிடிக்கிற காசு, எல்லாம் தொழிலாளி கணக்குல. உள்ள உசரத்துல நிக்க இடம் இருக்காது, மேல ஆணி அடிச்சு அதுல இருந்து தொங்குற சங்கிலியைத் தொடையில ஒரு சுத்து சுத்திக்கிட்டு, ஒத்தக் காலை பாறையில ஊனி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல தமரு போடுவாங்க. நம்மூர்ல கல்லு உடைக்கிறவங்க தமருன்னு சொல்ற அதே வெடிக்குழிதான். வழியில கெடக்குற பெரிய பலகைக் கல்லு ஓரத்தைத் தடவிப் பாருங்க, விரலு சரியா உக்கார்ற மாதிரி அரை வட்டமா, நேரா, வழுவழுன்னு ஒரு வாய்க்கால் ஓடும். அது தமரோட பாதி, மீதிப் பாதி வெடிச்சுப் போன பக்கத்துக் கல்லுல போயிருக்கும். எனக்கு இந்த வழியில உச்சியை விட அதுதான் முக்கியம், அங்க விரலை வெச்சா ஒரு ஆளோட கை பட்ட இடத்துலதான் வெக்கிறோம்.

சாப்பல்ல இருந்து பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறி ஒரு கணவாய்க்கு வரும், அதுதான் ரோஸித். இங்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்க. இந்தக் குவாரி 1830கள்ல சின்னதா ஆரம்பிச்சது, 1930ல ஓஞ்சுது. ஊருக்குத் தினம் போய் வர முடியாத தூரம்ங்கிறதால திங்கக்கிழமை காலையில ஒரு வாரத்துக்கு வேண்டிய ரொட்டி, வெண்ணெய் எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு ஏறுவாங்க, சனிக்கிழமைதான் வீடு. அவங்க தங்கின பேரக்ஸ் இப்ப எதிரெதிரா ரெண்டு வரிசை சுவரா நிக்குது, நடுவுல ஒரு தெரு மாதிரி. உள்ள போய் ஒரு அறையில நின்னு பாருங்க, என் காலால அளந்தா ஏழெட்டு எட்டு நீளம், ஒரு கணப்பு அடுப்பு, ஒரு சின்ன ஜன்னல், அவ்ளோதான், இதுல பல பேர் தங்கினாங்க. ஈரத்துணி காய வெக்க இடம் கிடையாது, இந்த மலைத்தொடர்ல மழை பெய்யாத நாளை எண்ணிடலாம்.

அந்த நிலைமையிலயும் இவங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். காபான்னு ஒண்ணு, மதிய சாப்பாட்டுக்கு ஒதுங்குற குடிசை. அதுக்கு ஒரு தலைவர், ஒழுங்கா கூட்டம், பாட்டுப் போட்டி, கவிதைப் போட்டி, அரசியல் விவாதம், பைபிள் விவாதம், எல்லாம் வெல்ஷ்ல. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நாள் முழுக்க பாறை வெட்டிட்டு டீ குடிக்கிற நேரத்துல யாப்பு இலக்கணம் பேசினவங்க. முதலாளிங்க பெரும்பாலும் இங்கிலீஷ்காரங்க, ஆனா வேலை நடந்த மொழி முழுக்க வெல்ஷ், இன்னைக்கும் பக்கத்து ஊரு ப்ளைனை ஃபெஸ்டினியோக் கடைத்தெருவுல காது கொடுத்தா முதல்ல கேக்குறது வெல்ஷ்தான். மொழிமேல பிடிப்பு இருக்குறவங்களுக்கு அது தனி சந்தோஷம்.

தூசியைப் பத்தி சொல்லாம விட முடியாது. மில்லுல ரம்பம் வெச்சு அறுக்க ஆரம்பிச்சதும் கல்தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ், நாப்பது அம்பது வயசுல மூச்சு வாங்க முடியாம போனவங்க எத்தனையோ பேர். குவாரி டாக்டருங்க சில பேரு தூசி கெடுதல் இல்ல, டீயை ரொம்ப நேரம் கொதிக்க விட்டுக் குடிக்கிறாங்க, அதான் உடம்பு கெடுதுன்னு சொன்னாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. குவாரி மூடிப்போய் நஷ்ட ஈடு கேக்க முதலாளியே இல்லாத தொழிலாளிங்களுக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல சட்டம் வந்தது 1979ல.

ரோஸித்துக்கு மேற்கால கொஞ்சம் தள்ளிப் போய் எட்டிப் பாத்தா க்ரோய்சோர் பள்ளத்தாக்கு கீழ விழும், அந்தப் பக்கம் இறங்குற இன்க்ளைன் ஒரே இழுப்புல கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரம் இறங்குது, உருளை வீடு மலை விளிம்புல ஒட்டிக்கிட்டு நிக்கும். 1864ல கீழ க்ரோய்சோர் ட்ராம்வே வந்ததும் சிலேட்டு அந்த வழியா போர்த்மடோக் துறைமுகத்துக்குப் போச்சு. தூரத்துல இருந்து பாருங்க போதும், அதுல இறங்காதீங்க, அது உங்க வழியும் இல்ல.

உங்க வழி மேல போற இன்க்ளைன். பேரக்ஸுக்குப் பக்கத்துல இருந்து செங்குத்தா ஏறும், இதுதான் இன்னைக்கு மூச்சு வாங்குற முதல் இடம். ஏறினதும் மேல ஒரு மட்டம், இடிஞ்ச கட்டடம், அப்புறம்தான் நான் சொன்ன குழிங்க. 1900ல உள்ள தூணுங்க தாங்காம அறை மேல அறையா இடிஞ்சு விழுந்துச்சு, அந்த இடிவும் பழைய வெட்டும் சேந்துதான் மேல இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. விளிம்புல மண்ணு கெட்டியா இருக்குற மாதிரி தெரியும், கீழ என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அடி கூட வேணாம், செல்ஃபிக்கும் வேணாம், தங்கச்சி கிட்டயும் சொல்லிடுங்க. குழிங்களை நல்லா தள்ளி விட்டுட்டு, கொஞ்சம் சேறான புல்வெளியத் தாண்டினா பெரிய மோயில்வினோட முகடு முன்னாடி எழும்பி நிக்கும், அங்க இருந்து உச்சி வரைக்கும் புல்லும் கல்லுமா ஒரே ஏத்தம். பாதை மெல்லிசா இருக்கும், சில இடத்துல காணாமலும் போகும், முகட்டை விடாம பிடிச்சுக்கிட்டா போதும்.

உச்சியில சர்வே தூண் ஒண்ணு இருக்கு. வானம் தெளிஞ்சிருந்தா வடக்கால க்னிக்ட் சிகரம், அதுக்குப் பின்னாடி ஸ்னோடன் கூட்டம் முழுசும் தெரியும், மேற்கால போர்த்மடோக்கும் கடலும். அங்க கடலோரம் தட்டையா ஒரு பச்சை நிலம் தெரியுதுல்ல, அது முன்னாடி கடல்கழி, 1811ல மேடாக்ஸ்ங்கிறவர் கோப்னு ஒரு கரையைக் கட்டி தண்ணியை அந்தப் பக்கம் நிறுத்தி நிலமாக்கினது. தெற்கால ஒரு பெரிய ஏரியும் ரெண்டு கட்டம் கட்டமான கட்டடமும், அது ட்ராஸ்வினித் அணுமின் நிலையம், மூடியாச்சு. கிழக்கால ப்ளைனை ஊரு, அதைச் சுத்தி சாம்பல் மலையா கழிவு மேடு. ஊருக்கு அந்தப் பக்கம் தெரியுற மலை மனோட், ரெண்டாம் உலகப்போர்ல லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை எல்லாம் குண்டுக்குப் பயந்து 1941ல அந்த மலையில இருக்குற குவாரிக்குள்ளதான் கொண்டு போய் வெச்சாங்க. வான் டைக் வரைஞ்ச ஒரு ராஜா படம் ரொம்பப் பெருசு, வழியில ரயில் பாலத்துக்கு அடியில லாரி நுழையலன்னு ரோட்டையே தோண்டித் தாழ்த்தினாங்க.

இங்க உக்காந்து சாப்பிடும்போது ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 1951ல ஸ்னோடோனியா தேசியப் பூங்கா எல்லை போட்டப்போ சுத்தி இருக்குற மலை எல்லாம் உள்ள, இந்த ப்ளைனை ஊரு மட்டும் வெளிய, மேப்ல பாத்தா பூங்காவுக்கு நடுவுல ஓட்டை போட்ட மாதிரி இருக்கும், கழிவு மேடு அழகு இல்லன்னு விட்டுட்டாங்க. எழுவது வருஷம் கழிச்சு 2021ல அதே கழிவு மேடும் குவாரியும் ரயிலும் சேந்து வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்புன்னு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிடுச்சு. எனக்கு அது ஒரு ஊருக்குத் திருப்பிக் கிடைச்ச மரியாதையாத்தான் தெரியுது.

உச்சியில இருந்து தெற்கால இறங்கினா க்ரைகஸ்காவன், 689 மீட்டர், ஆச்சரியமா க்னிக்டும் சரியா அதே 689தான். இதுதான் இந்த ரூட்டோட கஷ்டமான பகுதி. கயிறு எல்லாம் வேணாம், ஆனா மூணு நாலு இடத்துல கை வெக்கணும், உக்காந்து இறங்கணும். அவசரமே படாதீங்க, முகட்டு மேலயே போங்க, ஈஸியா இருக்கும்போல இருக்கேன்னு இடது பக்கம் ஏரியைப் பாத்து இறங்குற எந்தத் தடத்துலயும் இறங்காதீங்க, அது பாதியில செங்குத்தாப் போய் நின்னுடும். காஞ்ச பாறை நல்லாப் பிடிக்கும், ஈரமா இருந்தா பாசி வழுக்கும், மழை பெய்ஞ்சுட்டு இருந்தாலோ காத்து ஆளைத் தள்ளினாலோ இந்தப் பகுதியை விட்டுட்டு உச்சியில இருந்தே வந்த வழியில திரும்பிடுங்க, வந்த தடம் ஞாபகம் இருக்கும்ல, குழிங்களுக்கு மட்டும் முன்னாடியே ஒதுங்கிடுங்க.

இறங்கி முடிச்சா ஸ்ட்வ்லான் கணவாய். சக்தி மிச்சம் இருந்தா நேர் எதிர்ல சின்ன மோயில்வின், மூக்கு மாதிரி துருத்திக்கிட்டு நிக்கிற பாறைக்கு அடியில குறுக்கா ஏறுற தடம் ஒண்ணு இருக்கு, சரளைக் கல்லா இருக்கும், போய் வர ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. முதல் தடவ போறீங்கன்னா அதை விட்டுடலாம், ஒண்ணும் நஷ்டம் இல்ல. கணவாய்ல இருந்து கிழக்கால பழைய மோயில்வின் குவாரி இடிபாடுங்க வழியா இறங்கினா அணைக்கட்டு.

அணைக்கட்டைப் பத்தி ஒரு ரெண்டு வரி. இது ஃபெஸ்டினியோக் நீர்மின் நிலையத்தோட மேல் ஏரி, 1963ல திறந்தது, 360 மெகாவாட். கீழ டானகிரிஷையில இன்னொரு ஏரி. கரண்டு மலிவா இருக்குற நேரத்துல கீழ் ஏரித் தண்ணியை மேல பம்ப் பண்ணி வெச்சுக்குவாங்க, எல்லாரும் ஸ்விட்ச் போடுற நேரத்துல திறந்து விட்டா ஒரு நிமிஷத்துல முழு மின்சாரம், நம்ம கோயம்புத்தூர் ஆனைமலைப் பக்கம் இருக்குற காடம்பாறை மின் நிலையமும் வேலை செய்யுற விதம் இதேதான். மேல் ஏரியில தண்ணி ஒரே நாள்ல ஏறி இறங்குறதால கரையில ஒரு செடி இருக்காது, வெறும் கல்லுப் பட்டை. அந்த ஏரியில குளிக்கலாமான்னு கேக்காதீங்க, கூடாது. அணையில இருந்து கொண்டை ஊசி வளைவா தார் ரோடு இறங்குது, வண்டி விட மாட்டாங்க, நடந்து போலாம்.

சுரங்கத்துக்குள்ள போலாமான்னு கேட்டீங்கல்ல. ரோஸித்ல மில்லுக்குப் பக்கத்துல ஒரு வாய் திறந்திருக்கும், நேரா மட்டமா அரை கிலோமீட்டருக்கு மேல மலைக்குள்ள போகுது, உள்ள இருந்து சில்லுனு காத்து முகத்துல அடிக்கும், கணுக்கால் அளவு தண்ணி, பாத்தா கொஞ்ச தூரம் போயிட்டு வந்தா என்னன்னுதான் தோணும். அந்த அரை கிலோமீட்டர் முடியுற இடத்துலதான் இடிஞ்ச அறைங்க இருக்கு. ரோஸித்துக்கும் பக்கத்து க்ரோய்சோர் சுரங்கத்துக்கும் உள்ளயே ஒரு வழி இருக்கு, அதுல போறவங்க கயிறு, ஹெல்மெட், வருஷக்கணக்கான அனுபவம் எல்லாத்தோடயும் போறாங்க, தண்ணி நிறைஞ்ச அறைங்களைக் கயித்துலயும் பழைய பாலத்துலயும் கடக்கணும். போன் லைட்டை வெச்சுக்கிட்டு போற இடம் இல்ல அது. வாய்க்கு வெளியவே நின்னு அந்தக் காத்தை அனுபவிச்சுட்டு வாங்க. உள்ள பாக்கணும்னு ஆசை இருந்தா மறுநாள் ப்ளைனையிலயே லெக்வெத் குவாரியில டிக்கெட் எடுத்து ஆழமா கூட்டிட்டுப் போறாங்க, சங்கிலியில தொங்கி வேலை பாத்த அறை எவ்ளோ பெருசுன்னு அங்க நின்னா புரியும்.

நேரம் கணக்கு போட பழைய நெய்ஸ்மித் கணக்கு ஒண்ணு இருக்கு, 1892ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். இந்த ரூட்டுக்கு மூணரை மணி நேரம் வரும், ஆனா அது நிக்காம நடக்குறவங்களுக்கு, நீங்க குவாரி பாக்கப் போறீங்க, ஆறு மணி நேரம் வெச்சுக்கோங்க. மே, ஜூன் நல்ல மாசம், செப்டம்பரும் நல்லா இருக்கும், குளிர்காலத்துல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், வேணாம். பேப்பர் மேப்பும் திசைகாட்டியும் கண்டிப்பா வேணும், பள்ளத்தாக்குல பல இடத்துல சிக்னல் சுத்தமா கிடையாது, ஓஎஸ் (பிரிட்டிஷ் நில அளவைத் துறை) எக்ஸ்ப்ளோரர் 1:25,000 அளவு மேப் வாங்குங்க, அதுல இன்க்ளைன், குழி எல்லாம் குறிச்சிருக்கும். கணுக்கால் மூடுற பூட்ஸ், வெயில் அடிச்சாலும் மழைக்கோட்டும் பேன்ட்டும், ஹெட்லைட், விசில். ஆபத்துன்னா ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு தடவ ஊதி ஒரு நிமிஷம் நிறுத்தி திரும்ப ஊதணும், போன் கிடைச்சா 999 போட்டு முதல்ல போலீஸ் கேட்டு, மவுன்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும். ஆடுங்க மேயுற இடம், கேட்டைத் திறந்தா மூடிட்டுப் போங்க. சிலேட்டுத் துண்டு ஒண்ணு கூட எடுத்துட்டு வராதீங்க, இடிஞ்சு கெடந்தாலும் அது அந்த இடத்தோடது.

கார் இல்லன்னா லான்டுட்னோ ஜங்ஷன்ல இருந்து ப்ளைனைக்கு ரயில் இருக்கு, கடைசியில 1879ல வெட்டின 3 கிலோமீட்டருக்கு மேல நீளமான குகைக்குள்ள போய் வெளிய வந்ததும் ஜன்னல் முழுக்க சாம்பல் நிறமா கழிவு மலை வந்து நிக்கும், எனக்கு அந்த நிமிஷத்துக்காகவே ரயில்ல போகப் பிடிக்கும். அங்க இருந்து டானகிரிஷை நடக்குற தூரம்தான். ரயில் ரொம்ப கொஞ்சம்தான், திரும்புற கடைசி வண்டி நேரத்தை முதல் நாளே பாத்து வெச்சுக்கோங்க. இல்லன்னா ஃபெஸ்டினியோக் ரயில்வேயோட குட்டி ரயில் டானகிரிஷையிலயே நிக்கும், சீசன்ல மட்டும் ஓடும், 1836ல சிலேட்டுக்காகப் போட்டது, தண்டவாள அகலம் ரெண்டு அடி கூட இல்ல. அப்பல்லாம் லோடு வண்டிங்க எஞ்சினே இல்லாம சரிவுல தானா உருண்டு துறைமுகத்துக்குப் போகும், காலி வண்டியை மேல இழுத்துட்டு வர வேண்டிய குதிரைங்களும் கடைசியில ஒரு தனிப் பெட்டியில நின்னுக்கிட்டு வைக்கோல் தின்னுக்கிட்டே கூடவே இறங்கும். நடந்து முடிச்சதும் நேரம் இருந்தா அந்த ரயில்ல போர்த்மடோக் வரைக்கும் போங்க, சாயங்கால வெளிச்சத்துல கோப் கரை மேல ரயில் போகும்போது வலது பக்கம் உக்காந்துக்கோங்க, பாதி தூரத்துல திரும்பிப் பாத்தா காலையில ஏறின ரெண்டு மோயில்வினும் க்னிக்டும் ஒண்ணா வரிசையா தெரியும்.